கடனாளிக்கு வழி சொல்வது அறமா, வியாபாரமா?

(உத்திரமேரூர் வட்டம் மானாம்பதியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தப் பக்கத்து இளைஞர்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தார்கள். "ஐயா, கடனில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி சொல்ல ஒரு மையம் தொடங்கலாம் என்று இருக்கிறோம். டிரஸ்டாகப் பதிவு செய்தால் வருமான வரி விலக்கு கிடைக்குமா? நன்கொடை கொடுப்பவர்களுக்கு 80ஜி ரசீது தர முடியுமா?" என்று கேட்டார்கள். ஆடிட்டராக இருந்தவன் என்பதால் கேட்டார்கள். "கிடைக்கும், ஆனால் பார்த்து எழுத வேண்டும்" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது. கடனாளியை உட்காரவைத்துப் புத்தி சொல்லும் வேலை எப்போது தர்மமாகிறது, எப்போது கடன் கொடுத்தவனுக்காகச் செய்யும் வசூல் வேலையாகிறது? நம் நாட்டு வரிச் சட்டம் முதல் கேள்விக்கு விரிவாகப் பதில் வைத்திருக்கிறது. இரண்டாவதை அது சரியாகக் கேட்பதே இல்லை என்பதுதான் என் கட்சி. இன்று பேசப்போவது அதைப் பற்றித்தான். பிரிவு எண்கள் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு மையம் திறந்தால் அங்கே என்ன வேலை நடக்கும்? தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு குழு லோனுக்கு வாரத் தவணை, இன்னொன்றுக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, மூன்றாவதற்கு மாதத் தவணை. ஒன்றைக் கட்ட இன்னொன்றை எடுக்கிறோம். நடுவில் தோடு அடகுக்குப் போகிறது. அடகு வட்டி ஏறும்போது தண்டல்காரரிடம் கை நீட்டுகிறோம். பத்தாயிரம் தண்டல் என்றால் பிடித்தம் போகக் கைக்கு வருவது எட்டாயிரமோ எட்டாயிரத்து ஐந்நூறோதான். தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். இதற்கு ஆண்டு வட்டி போட்டுப் பார்க்க யாருக்கும் மனசு வராது.

இந்த நிலையில் வரும் ஒருவரை உட்காரவைத்து, எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுவதுதான் ஆலோசகரின் முதல் வேலை. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் மொத்தக் கடன் எவ்வளவு என்று உடனே சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. மனைவி வாங்கியது கணவனுக்குத் தெரியாது, கணவன் செல்போன் ஆப்பில் எடுத்தது மனைவிக்குத் தெரியாது. சிபில் மாதிரியான கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த அறிக்கையை எடுத்துப் பார்த்தால்தான் சிலருக்குத் தம் பெயரில் வேறொருவர் கடன் வாங்கியிருப்பது தெரியவரும். பக்கத்து வீட்டுக்காரிக்காக ஆதார் கார்டு கொடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வரும்.

அடுத்தது விதிகளைச் சொல்வது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கும் கடன் எல்லாமே மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் போடக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொல்லை செய்யக் கூடாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான் தவணை வாங்க வேண்டும். அங்கே தொடர்ந்து இரண்டு முறை வராமல் போனால் மட்டுமே வீட்டுக்கு வரலாம். இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. போதாததற்கு, வசூல் என்ற பெயரில் நடக்கும் மிரட்டலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றியது. ஆனால் வாசலில் நான்கு பேர் நிற்கும்போது இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே.

கடைசியாக, கடன் கொடுத்த நிறுவனத்திடம் போய்ப் பேச வேண்டும். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டச் சொல்ல வேண்டும். எந்தக் கடனை முதலில் அடைப்பது, எதைப் பொறுமையாகக் கட்டுவது என்று ஒரு திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். கடன் ஆலோசனை என்பது இவ்வளவுதான். நம் நாட்டில் 2006இல் பேங்க் ஆஃப் இந்தியா மும்பையில் 'அபய்' என்ற பெயரில் ஒரு மையம் திறந்தது. அதன் பிறகுதான் இந்தப் பேச்சு இங்கே சூடுபிடித்தது.

கடனாளியைத் தூக்கிவிடும் முயற்சி நம் மாவட்டத்துக்குப் புதிது அல்ல. விவசாயக் கடனைப் பற்றி ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி சென்னை மாகாண அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே பழைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் விவசாயக் கடன் சங்கம் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. இந்தியாவிலேயே முதல் நகரக் கூட்டுறவுச் சங்கம் என்று அதைச் சொல்வார்கள். 1938இல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து பழைய வட்டி பாக்கிகளை வெட்டியது. இவற்றில் எதையும் வரிச் சட்டம் தர்மம் என்று பார்க்கவில்லை. கூட்டுறவு என்பது உறுப்பினர்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்ளும் உதவி. அதற்கு 80பி என்ற வேறு பிரிவில் வேறு சலுகை. அடுத்தவருக்காக நடத்தும் ஆலோசனை மையம் அந்தப் பிரிவுக்குள் வராது. அது தர்ம ஸ்தாபனம் என்றுதான் போய் நிற்க வேண்டும்.

அங்கே மூன்று வாசல்கள் இருக்கின்றன. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2(15) பிரிவு தர்ம காரியம் எது என்று வரையறுக்கிறது. ஏழைகளுக்கு உதவுவது, கல்வி, யோகா, மருத்துவ உதவி, சுற்றுச்சூழலையும் நினைவுச் சின்னங்களையும் காப்பது, கடைசியாகப் பொதுமக்களுக்குப் பயன்படும் வேறு எந்த நோக்கமும். 1891இல் இங்கிலாந்தில் பெம்சல் என்பவரின் வழக்கில் பிரபுக்கள் சபை தர்மத்தை நான்கு வகையாகப் பிரித்தது. அந்த வழியில் வந்த வரையறைதான் இது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் எடுத்துக்கொள்கிறது. எண்கள் மாறுகின்றன, சாரம் மாறவில்லை. வழக்குகளெல்லாம் பழைய எண்களில் இருப்பதால் நானும் பழைய எண்களையே சொல்கிறேன்.

கடன் ஆலோசனை மையம் இதில் கல்வி என்ற வாசல், ஏழைகளுக்கு உதவி என்ற வாசல், பொதுப் பயன் என்ற வாசல் ஆகிய மூன்றில் எதையாவது தட்டலாம்.

கல்வி வாசல்தான் எல்லோர் கண்ணிலும் முதலில் படும். 'நிதிக் கல்வி' என்று பெயர் வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. கர்நாடகத்தில் செய்தித்தாள் நடத்திய லோக சிக்ஷண டிரஸ்ட் வழக்கில் 1975இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: இந்தச் சட்டத்தில் கல்வி என்றால் முறைப்படி பாடம் நடத்துவது, பயிற்சி கொடுப்பது, அறிவு வளர்க்கும் எல்லாமே கல்வி ஆகிவிடாது. 2022 அக்டோபர் 19 அன்று நியூ நோபிள் கல்விச் சங்க வழக்கிலும் அதே நீதிமன்றம் இந்தக் குறுகிய பொருளையே உறுதி செய்தது. ஊர் ஊராகப் போய்ச் சேமிப்பு, வட்டி என்று விழிப்புணர்வு முகாம் நடத்துவது நல்ல காரியம்தான். அதைப் பள்ளிக்கூடம் என்று வரித்துறையை நம்பவைப்பது கஷ்டம்.

பொதுப் பயன் வாசல் அகலமானது. அதனால்தான் அங்கே காவலும் பலம். 1961இல் சட்டம் எழுதியபோதே, பொதுப் பயன் காரியம் லாபம் தேடும் நடவடிக்கையாக இருக்கக் கூடாது என்று ஒரு வாசகம் சேர்த்தார்கள். 1983இல் அதை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச காலம் கதவு திறந்து கிடந்தது. வர்த்தகக் கழகங்களும் பெரிய பெரிய வாரியங்களும் உள்ளே வந்து உட்கார்ந்தன. 2008இல் மறுபடி ஒரு நிபந்தனை வந்தது. பொதுப் பயன் என்று சொல்லிக்கொண்டு வியாபாரமோ, வியாபாரத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் சேவையோ நடத்தினால் அது தர்மம் ஆகாது. முதலில் 10 லட்சம், பிறகு 25 லட்சம் என்று ஒரு வரம்பு வைத்தார்கள். 2015இல் அதை மாற்றி, அப்படி வரும் பணம் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். ஆமதாபாத் நகர வளர்ச்சி ஆணைய வழக்கில், அதே 2022 அக்டோபர் 19 அன்று, உச்ச நீதிமன்றம் இதற்கு விளக்கம் கொடுத்தது. செலவுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ கட்டணம் வாங்கினால் அது வியாபாரம் இல்லை; செலவைவிடக் கணிசமாக அதிகம் வாங்கினால் வியாபாரம்தான், 20 சதவீத வரம்பு பாயும்.

எனக்குப் பிடித்த வாசல் மூன்றாவது. ஏழைகளுக்கு உதவி. அந்த 20 சதவீதக் காவல் இந்த வாசலில் இல்லை. இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1925இல் காந்தியடிகளின் முயற்சியால் அகில இந்திய நூற்போர் சங்கம் தொடங்கியது. பஞ்சு வாங்கிக் கிராமத்துப் பெண்களிடம் கொடுத்து, நூற்கவைத்துக் கூலி கொடுத்து, கதர் நெய்து விற்றது. வரித்துறை இதை வியாபாரம் என்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஏழைகளுக்கு வேலையும் கூலியும் கிடைக்கச் செய்வதுதான் இதன் முதல் நோக்கம், விற்பனை அதற்கு ஒரு வழி, எனவே இது தர்மம் என்று 1944இல் தீர்ப்பு வந்தது. காந்தி ஆகா கான் மாளிகைச் சிறையில் இருந்து வெளியே வந்த வருஷம் அது. பிரிட்டிஷ் நீதிபதிகள் அவருடைய ராட்டைச் சங்கத்துக்கு வரி விலக்கு கொடுத்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். ஏழைக்கு உதவி என்றால் அரிசி அளந்து போடுவது மட்டும் இல்லை என்பதை நமக்கு நிலைநாட்டிக் கொடுத்தது அந்த வழக்குதான். வாரத் தவணையில் சிக்கியவரை மீட்டெடுப்பதும் ஏழைக்கு உதவிதான் என்று வாதாட அது தாராளமாகப் போதும்.

ஆனால் அப்போது மையம் ஏழைகளுக்கானதாகவே இருக்க வேண்டும். கிரெடிட் கார்டில் மாட்டிய ஐ.டி. கம்பெனி ஊழியருக்கும் கட்டணத்துக்கு ஆலோசனை சொல்வேன் என்று பத்திரத்தில் எழுதினால் அந்த நிமிஷமே நீங்கள் பொதுப் பயன் வாசலுக்குப் போய்விட்டீர்கள். ஒரு சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்று எழுதினால் 13ஆவது பிரிவில் விலக்கே போய்விடும். நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஆரம்பிக்க நினைப்பவர்கள் இதை மறந்துவிட வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் கடனாளியிடம் எவ்வளவு வாங்குகிறாய் என்ற கேள்வியைச் சுற்றியே இருக்கிறது, கவனித்தீர்களா? கடன் கொடுத்தவனிடம் எவ்வளவு வாங்குகிறாய் என்று யார் கேட்பது? அதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா பட்டுத் தெரிந்துகொண்டது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அங்கே கடன் ஆலோசனை நிலையங்களின் தேசிய அமைப்பு 1951லேயே தோன்றிவிட்டது. அதைத் தோற்றுவித்ததில் கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏற்பாடு இதுதான். கடனாளி மாதாமாதம் ஒரே தொகையை ஆலோசனை நிலையத்தில் கட்டுவார். நிலையம் அதைப் பிரித்து ஒவ்வொரு கடன்காரருக்கும் அனுப்பும். வராது என்று நினைத்த பணம் வந்ததே என்ற சந்தோஷத்தில் கடன்காரர்கள் அதில் ஒரு பங்கை, பல காலம் சுமார் 15 சதவீதத்தை, நிலையத்துக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். 1969இல் அமெரிக்க வரித்துறை ஒரு விளக்கம் வெளியிட்டது: ஏழைகளுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லி, இலவசமாகவே பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் நிலையம் தர்ம ஸ்தாபனம்தான். 1978இல் அலபாமா மாநில நிலையம் ஒன்று வழக்குப் போட்டது. எல்லா வருமானத்தாருக்கும் ஆலோசனை சொல்கிறோம், மாதம் சிறு தொகை வாங்குகிறோம், முடியாதவரிடம் அதையும் வாங்குவதில்லை, எங்களுக்கும் விலக்கு வேண்டும் என்று கேட்டது. நீதிமன்றம் கொடுத்தது. அந்தத் தீர்ப்பில் தப்பு இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அது திறந்த கதவு வழியாகப் பின்னால் வந்தவர்கள் வேறு ரகம்.

1990களில் கிரெடிட் கார்டு கடன் பெருகியது. இரவு நேரத் தொலைக்காட்சியில் 'நாங்கள் லாப நோக்கமற்றவர்கள், கவலையை விடுங்கள்' என்று விளம்பரம் ஓடியது. போன் செய்தால் ஆலோசனை சில நிமிஷம்தான். உடனே மாதத் தவணைத் திட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். மேரிலாந்து மாநிலத்தில் அமெரிடெட் என்ற நிலையம் இருந்தது. கடனாளி கட்டிய முதல் தவணையை அவருடைய கடனுக்கு அனுப்பாமல், அவர் மனமுவந்து தந்த நன்கொடை என்று தானே எடுத்துக்கொண்டது என்பது அதன் மேல் அரசு வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. நிலையத்துக்கு வரி விலக்கு. அதன் கணக்கு வேலையைச் செய்த கம்பெனியோ லாபத்துக்கு நடப்பது, அதுவும் நிலையத்தை நடத்தியவர்களுக்கு நெருக்கமானது. தர்மப் பணம் ஒரு கதவு வழியே வந்து மறு கதவு வழியே அங்கே போனது. 2003 நவம்பரில் மத்திய வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2004இல் செனட் துணைக்குழு இந்தத் தொழில் முழுவதையும் கூண்டில் ஏற்றி விசாரித்தது. பிறகு வரித்துறை தணிக்கையில் இறங்கியது. 2006 மே மாதம் கணக்குச் சொன்னார்கள்: முடிந்தவை 41 தணிக்கைகள், இத்தொழிலின் மொத்த வருவாயில் 40 சதவீதத்துக்கும் மேல் அந்த 41 நிலையங்களுடையது. அத்தனை பேருக்கும் விலக்கு ரத்து, அல்லது ரத்து செய்யும் முன்மொழிவு. ஒன்றுகூடத் தேறவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெரிய சட்டத்துக்குள் 501(க்யூ) என்று ஒரு சிறு பிரிவைச் சேர்த்தார்கள். உலகத்தில் கடன் ஆலோசனைக்கென்றே எழுதிய வரி விலக்கு விதியை நான் பார்த்த வரையில் இதைவிடக் கூர்மையாக யாரும் எழுதவில்லை. ஒவ்வொருவரின் நிலைமைக்கு ஏற்ற ஆலோசனையாக இருக்க வேண்டும். பணம் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. கடன் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வாங்கக் கூடாது. ஆளைப் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் என்ற பேச்சே கூடாது. நிர்வாகக் குழு பொதுமக்கள் நலனைப் பிரதிபலிப்பவர்கள் கையில் இருக்க வேண்டும். நிலையத்தில் சம்பளம் வாங்குபவர்களுக்கும் அதனால் ஆதாயம் அடைபவர்களுக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு கிடையாது. கடன் கொடுத்தவர்களிடமிருந்து வரும் பணம் மொத்த வருவாயில் பாதிக்கு மேல் போகக் கூடாது. இருந்த நிலையங்களுக்கு இந்த அளவை 80, 70, 60, 50 என்று படிப்படியாக இறக்கினார்கள்.

பாதிகூட எனக்கு அதிகமாகத்தான் படுகிறது. ஆனாலும் நியாயத்துக்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஸ்டெப்சேஞ்ச் என்ற நிறுவனம் 1993 முதல் கடனாளிகளுக்கு இலவச ஆலோசனை தருகிறது. பதிவு பெற்ற தர்ம ஸ்தாபனம். அதன் பணமும் பெருமளவுக்குக் கடன் கொடுப்பவர்களிடமிருந்தே வருகிறது. அங்கே அமெரிக்கா மாதிரி கூத்து நடக்கவில்லை. கடனாளியிடம் ஒரு பென்னிகூட வாங்குவதில்லை, தலைக்கு மேல் ஒரு கண்டிப்பான ஒழுங்குமுறை அமைப்பும் இருக்கிறது. மலேசியாவில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவே 2006இல் ஏ.கே.பி.கே. என்ற நிலையத்தைத் தொடங்கி இலவசமாக நடத்துகிறது.  சிங்கப்பூரில் இந்த வேலையைச் செய்வதும் பதிவு பெற்ற தர்ம ஸ்தாபனமே. ஆகவே கடன் கொடுத்தவன் பணம் தொட்டாலே தீட்டு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணம் ஆலோசகரின் வாயைக் கட்டாமல் இருக்க எழுத்தில் என்ன தடை வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

நம் நாட்டில் அந்தத் தடையை ஒருமுறை எழுதினார்கள். வரித்துறை எழுதவில்லை, ரிசர்வ் வங்கி எழுதியது. 2009 பிப்ரவரியில் நிதிக் கல்வி மற்றும் கடன் ஆலோசனை மையங்களுக்கு ஒரு மாதிரித் திட்டம் வெளியிட்டது. மையத்தைத் தனி டிரஸ்டாகவோ சங்கமாகவோ வைக்கலாம். ஊரில் மதிப்புள்ள பெரியவர்களை நிர்வாகத்தில் சேர்க்கலாம், ஆனால் பணியில் இருக்கும் வங்கிக்காரர் அதில் இருக்கக் கூடாது. கூடுமானவரை வங்கிக் கட்டடத்துக்குள் மையம் வேண்டாம். ஆலோசனை இலவசம். வங்கியின் திட்டங்களை அங்கே விற்கக் கூடாது. எவ்வளவு தெளிவு பாருங்கள். 2012 ஜூனில் இந்தத் திட்டத்தைத் திருத்தினார்கள். மாவட்ட முன்னோடி வங்கி அலுவலகங்கள் வரை மையங்கள் பரவின, அது நல்லது. ஆனால் பெயர் 'நிதிக் கல்வி மையம்' என்று சுருங்கியது. வேலையும் பெரும்பாலும் முகாம் நடத்துவதாக மாறிவிட்டது. கணக்குத் தொடங்குங்கள், காப்பீடு எடுங்கள் என்று சொல்ல ஆள் இருக்கிறது. நான்கு குழு லோனோடு வரும் பெண்ணுக்காக இன்னொரு நிறுவனத்திடம் போய்ப் பேரம் பேச அங்கே யாருக்கு நேரம்? நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. அந்த மையத்து ஊழியர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு இட்ட வேலை அது. மீதி இருக்கும் இடைவெளியைத்தான் இந்தத் தம்பிகள் நிரப்பப் பார்க்கிறார்கள்.

அந்த இடைவெளியில் வேறு ஆட்களும் புகுந்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கடன் தள்ளுபடிச் சான்றிதழ் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள் என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கி எச்சரிக்கை விட்டது. செட்டில்மென்ட் பேசித் தருகிறோம், தள்ளுபடியாகும் தொகையில் எங்களுக்கு இத்தனை சதவீதம் என்று சொல்லும் கம்பெனிகளும் இருக்கின்றன. அவர்கள் வியாபாரம் என்று வெளிப்படையாகச் சொல்லி வரி கட்டினால் எனக்கு வழக்கு இல்லை. தர்மம் என்ற பலகையை மாட்டிக்கொண்டு அதே சதவீதத்தை வாங்கினால்தான் வழக்கு.

சரி, நம் வரிச் சட்டத்தில் கடன் கொடுத்தவன் தரும் பணத்துக்கு என்ன இடம்? அவன் தருவது வசூலில் ஒரு பங்கு என்றால், அது சேவைக்கு வாங்கிய கட்டணம். பொதுப் பயன் வாசலில் வந்தவர்களுக்கு அந்த 20 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். அதுவரை சரி. அதே கம்பெனி அதே தொகையைச் சமூகப் பொறுப்பு நிதி என்று நன்கொடையாகக் கொடுத்தால்? லாபத்தில் 2 சதவீதம் அப்படிச் செலவிட வேண்டும் என்று கம்பெனிச் சட்டம் 135ஆவது பிரிவு சொல்கிறது. பெரிய கடன் நிறுவனங்களுக்கும் அது உண்டு. நன்கொடை கட்டணம் ஆகாது, 20 சதவீதத்தில் சேராது. நூற்றுக்கு நூறும் கடன் கொடுத்தவன் பணத்தில் நடக்கும் மையம்கூட நம் சட்டப்படி முழு விலக்கோடு இருக்கலாம். அந்த மையத்து ஆலோசகர், 'அம்மா, உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகிறது, இந்தக் கடனையே உங்களுக்குக் கொடுத்திருக்கக் கூடாது, புகார் எழுதுவோம்' என்று அந்தக் கம்பெனியைப் பார்த்துச் சொல்வாரா? நம் சட்டம் ரூபாயை எண்ணுகிறது. யாருடைய ரூபாய் என்று பார்ப்பதில்லை.

இதை உத்திரமேரூர் வட்டத்தில் இருந்துகொண்டு பேசும்போது, பக்கத்தில் உத்திரமேரூரில் இருக்கும் கல்வெட்டைச் சொல்லாமல் போனால் நீங்களே கோபித்துக்கொள்வீர்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலை விதிகள் இருக்கின்றன. தேர்தல் என்ற பெருமைக்காக எல்லோரும் அதைச் சொல்கிறோம். நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உள்ள பிராமணர் சபையின் தேர்தல் அது, ஊர் முழுவதின் தேர்தல் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என் தொழில் புத்திக்கு அதில் பெரிதாகத் தெரிவது யார் நிற்கக் கூடாது என்ற பட்டியல்தான். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவரோடு விட்டார்களா? அவருடைய பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் என்று உறவு உறவாக எழுதி எல்லோரையும் தள்ளிவைத்தார்கள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கும் இடம் இல்லை. வருமான வரிச் சட்டத்தின் 13(3) பிரிவிலும் டிரஸ்டிக்கு உறவானவர்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. அவர்களுக்கு டிரஸ்ட் பணம் போகக் கூடாது என்பதற்காக. பணத்தைக் காக்க அந்தப் பட்டியல் போதும். முடிவெடுக்கும் நாற்காலியைக் காக்கச் சபையார் எழுதிய மாதிரி இன்னொரு பட்டியல் வேண்டும். வரித்துறை அதைக் கேட்காததால் நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆகவே தம்பிகளே, பத்திரம் எழுதும்போது இதையெல்லாம் போடுங்கள். நோக்கம் ஏழைகளுக்கு உதவி என்று முதல் வரியிலேயே இருக்கட்டும். ஏழை என்பதற்கு ரிசர்வ் வங்கியின் அந்த 3 லட்சம் ரூபாய் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள், வாதத்துக்கு வசதி. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை என்று எழுதுங்கள். நிதி நிறுவனத்திலோ சீட்டுக் கம்பெனியிலோ அடகுக் கடையிலோ வேலையோ பங்கோ உள்ளவரும், வட்டிக்கு விடுபவரும், அவர்கள் வீட்டாரும் டிரஸ்டி ஆகக் கூடாது என்று எழுதுங்கள். தண்டல் விடும் அண்ணன் ஊருக்கு நல்லவராகவே இருக்கலாம், கோயிலுக்குக் கொடுக்கட்டும், இங்கே வேண்டாம். மையம் தானே கடன் கொடுக்காது என்றும் எழுதுங்கள். அந்த ஆசை இரண்டாம் வருஷம் வரும். மையத்தைக் கலைத்தால் சொத்து இதே மாதிரி இன்னொரு தர்ம ஸ்தாபனத்துக்குத்தான் போகும் என்ற வாசகம் இல்லாவிட்டால் பதிவில் சிக்கல் வரலாம். பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டுச் சென்னையில் விலக்குகளுக்கான வருமான வரி ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு, வேலையைப் பார்த்துப் பிறகு முறையான பதிவு; அதையும் காலம் முடியும்போது புதுப்பிக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது. வரவில் 85 சதவீதத்தையாவது அந்த ஆண்டே காரியத்துக்குச் செலவிட வேண்டும். பதிவை மறுத்தால் சென்னையில் வருமான வரித் தீர்ப்பாயம் இருக்கிறது, 1944ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரு தம்பி கேட்டார், மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனி ஒன்று சமூகப் பொறுப்பு நிதியில் கம்ப்யூட்டரும் ஒரு வருஷச் சம்பளமும் தருவதாகச் சொல்கிறது, வாங்கலாமா என்று. சட்டப்படி வாங்கலாம், விலக்குக்கு ஆபத்து இல்லை. என்னைக் கேட்டால், உத்திரமேரூர் வட்டத்திலோ பக்கத்து வட்டங்களிலோ குழு லோன் கொடுக்கும் கம்பெனி என்றால் வேண்டாம். அங்கே கிளை இல்லாத கம்பெனி கொடுத்தால் வாங்குங்கள். அப்படி வாங்குவதெல்லாம் சேர்ந்து வருஷ வரவில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதுங்கள், யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று மையத்து வாசல் சுவரில் எழுதிவையுங்கள். சம்பளத்துக்குப் பணம் போதவில்லை என்றால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் திறங்கள்.

இனிக் கேள்விகள் இருந்தால் கேட்கலாம். தாய்மார்கள் பக்கத்திலிருந்து ஆரம்பிப்போம்.